அப்பாவின் வாட்ச்சில் என் நாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், நான் முக்கால்வாசி நலம், மீதிக் கால்வாசி என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உடனே போனை எடுக்காதே, முழுசாகப் படி. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், அப்புறம் நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். அதுவும் இல்லாமல் அப்பா இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், நான் போனில் யாரிடம் என்ன பேசினாலும் அடுத்த அறையிலிருந்து திருத்தம் சொல்கிறார். விமானம் ஓட்டுகிற மனுஷன் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். அதுவும் இதிலேயே வருகிறது.

கம்பெனியில் இன்ஷூரன்ஸை மாற்றப் போகிறார்கள் என்று போன தடவை நீ பேசும்போது சொன்னேனே, ஞாபகம் இருக்கா. இதுவரைக்கும் நம் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர்களுடையது. இனிமேல் ஒரு பங்கு நாம் போட வேண்டுமாம், ஆனால் பைலட் ஆரோக்கியமாக இருந்து பாயிண்ட் சேர்த்தால் அந்தப் பங்கு வேண்டாமாம். பாயிண்ட் எப்படிச் சேரும் என்றால், கம்பெனி கொடுக்கிற வாட்ச்சைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும். பைலட்டுகள் சங்கத்தில் எல்லாரும் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டால்தான் திட்டம் நடைமுறைக்கு வரும், அதற்கு முன்னால் நாலைந்து பேர் வாட்ச்சைக் கட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு நல்லது கெட்டது சொல்வது என்று முடிவாயிற்று. அந்த நாலைந்து பேரில் உன் அப்பாவும் ஒருத்தர். நேர்மையானவர் என்று தேர்ந்தெடுத்தார்களாம்.

வாட்ச் வந்த முதல் வாரமே வம்பு. இவருக்கு வேலையே உட்கார்ந்திருப்பதுதான், அது தெரியாமல் அந்த வாட்ச் விமானம் இறங்குகிற நேரத்தில் கையில் கிர்ரென்று அதிர்ந்து, ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், கொஞ்சம் எழுந்து நடக்கலாமே என்று சொல்லியிருக்கிறது. பக்கத்து சீட்டில் கூட ஓட்டிக்கொண்டிருந்த சுருட்டை அங்கிள் சிரித்த சிரிப்பில் ஓடுபாதையே ஆடியதாம். ராத்திரி விமானம் ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்கினால் அதைத் தூக்கமாகவே சேர்க்காது, நேற்று நீங்கள் தூங்கவில்லை என்று ஒரு அழுமூஞ்சிப் படம் போடும். பாயிண்ட் ஏறவே இல்லை. அப்போதுதான் உன் அப்பாவுக்கு அந்த அருமையான யோசனை வந்தது. நான் காலையும் மாலையும் இந்தக் குடியிருப்பில் இருக்கிற நாய்களை நடத்திக்கொண்டு போகிறேன் அல்லவா (இன்னமும் அதே வேலைதான், விடவில்லை, கேப்டன் பெண்டாட்டியை நாய் இழுத்துக்கொண்டு போகிறது என்று நாலாவது மாடிக்காரி சொல்வதும் விடவில்லை), அதனால் டியூட்டிக்குப் போகும்போது வாட்ச்சைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டார். நீ எப்படியும் நடக்கிறே, அது சும்மா போகுதேன்னுதான் என்றார். நானும் சரி என்று கையை நீட்டினேன். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் பாயிண்ட் ஏறியது பார், கம்பெனியே அசந்துவிட்டது. விமானிகள் ஓய்வறையில் இருக்கிற பலகையில் அப்பாவின் போட்டோவை ஒட்டி, கீழே முன்மாதிரி விமானி என்று எழுதிவிட்டார்கள். அந்தப் போட்டோவில் தொப்பை சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அதைப் பார்த்தும் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உன் அப்பாவுக்குத்தான் அந்த அறைக்குள் போகவே கூச்சம், காபியை வாசலுக்கு வெளியிலேயே நின்று குடித்தாராம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் கம்பெனி நர்ஸ் அப்பாவுக்கு போன் பண்ணினாள். சார், உங்க இதயத் துடிப்பு கொஞ்ச நாளா தப்பித் தப்பி அடிக்குது, டெஸ்ட் எடுத்து வர்ற வரைக்கும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாட்ச்சில் பதிவது பைலட்டோடு சரி, வேறு யாருக்கும் போகாது என்று எழுதிக் கொடுத்திருந்தவர்கள்தான், ஆனால் டியூட்டி போடுகிறவருக்கு இவருக்கு முன்னாலேயே தகவல் போயிருந்தது. உன் அப்பா முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்தார். உனக்குத் தெரியாதா, பைலட்டுக்கு இதயம் என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், லைசென்ஸ் ஆடிவிடும். அடுத்த நாளே லைசென்ஸுக்குச் சான்று கொடுக்கிற டாக்டரிடம் ஓடினார், ஓட விட்டார்கள், ஒயர் ஒட்டினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். குதிரை மாதிரி இருக்கிறது என்று டாக்டரே சொன்னாராம்.

சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கையைத் தூக்கிக் கிளிப் மாட்டும்போது என் மணிக்கட்டில் அந்த வாட்ச். சீட்டி பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, "என்னோடது நல்லா இருக்குன்னா, அப்போ தப்பி அடிச்சது யாரோடது?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எங்கள் ரெண்டு பேர் மண்டையிலும் அது உதிக்கவே இல்லை. இவர் லைசென்ஸ் போய்விடுமோ என்று இவருக்குப் பயம், எனக்கும் அதே பயம், வாட்ச்சை மாட்டியிருந்தவள் யார் என்பதையே மறந்துவிட்டோம். யோசித்துப் பார்த்தால் எனக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது, நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி ஒன்று வரும் போகும். ரவுடி என்கிற அந்தப் பெரிய நாய் இழுக்கிற இழுப்பு அப்படி என்று பழியை அதன் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். பைலட் வீட்டில் நோய் என்று யார் வாயைத் திறந்தார்கள், நம் வீட்டில் தும்மினால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தானே தும்முவோம்.

அப்புறம் இவர் சொன்னதைக் கேள். ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு டாக்டர் இருக்கிறார், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டாம், கையிலிருந்து கொடுத்துக்கலாம், சீட்டு எழுதும்போது உங்க அண்ணி பேரைச் சொல்லிடு என்றார். இவருக்கு முதுகு பிடித்தபோது உன் மாமா பெயரில் போய்க் காட்டிவிட்டு வந்தவர்தானே, அந்த வழக்கம். என் பெயரில் போனால் கணக்கு கம்பெனிக்குப் போகும், புருஷன் வாட்ச் தப்பி அடித்த வாரமே பெண்டாட்டி இதய டாக்டரிடம் போனால் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும், அது இவர் கவலை. எனக்கு வந்ததே கோபம். "தில்லுமுல்லு பண்ணினது நீங்க, பேரை மாத்திக்கிறது நானா?" என்று கேட்டேன். நாளைக்கு எங்க அண்ணிக்கு இதயக் கோளாறுன்னு சீட்டு இருக்கும், எனக்கு மண்ணுதான் இருக்கும் என்றேன். காலேஜை ரெண்டாம் வருஷத்தில் விட்டவளுக்கு இவ்வளவு தெரிகிறது, இத்தனை பேரை உயிரோடு கீழே இறக்குகிறவருக்குத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டேன், அது கொஞ்சம் அதிகம்தான். நான் என் பெயரிலேயே சீட்டு வாங்கினேன்.

நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே நாளில் அங்கே சங்கக் கூட்டம். எனக்குத் துணைக்கு வர வேண்டாம், நீங்கள் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டேன். நடந்ததை சுருட்டை அங்கிள்தான் அப்புறம் வீட்டுக்கு வந்து சொன்னார். பாதிப் பேர் திட்டத்துக்குச் சரி என்று சொல்கிற மனநிலையில் இருந்தார்களாம், முன்மாதிரி விமானியே நம்ம ஆளு, அவரால முடிஞ்சா நமக்கு முடியாதா என்று ஒருத்தர் பேசியிருக்கிறார். அப்போது உன் அப்பா எழுந்து நின்று, "அந்த வாட்ச் என் கையில இல்ல. என் வீட்டுக்காரி கையில இருந்துச்சு. அவ இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா" என்றாராம். அப்புறம் சுருட்டை அங்கிள் எழுந்து, தன் வாட்ச்சை மாமனார் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றுகிறார் என்று ஒத்துக்கொண்டார். இன்னொருத்தர் வாட்ச் அவர் பெண்ணோடு டான்ஸ் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். ஓய்வு பெறப்போகிற பெரிய கேப்டன் மட்டும், என் வாட்ச் என் கையிலதான்யா இருக்கு, அதான் எனக்கு ஒரு பாயிண்ட்கூட வரல என்று சொல்ல, அதுவரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம்.

சிரித்து முடிந்ததும் ஒரு பெண் கேப்டன் கேட்டாளாம், இந்த வாட்ச் இல்லைன்னா அந்த அம்மாவுக்கு இதயக் கோளாறு இருக்கிறது தெரிஞ்சிருக்குமா என்று. அதுதானே விஷயம். வாட்ச் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அது உண்மையைத்தான் சொன்னது, சொல்லக் கூடாத இடத்தில் முதலில் சொன்னது. ரொம்ப நேரம் வாக்குவாதம் பண்ணி, வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டும், முடிவு அவரவர் கைக்குத்தான் முதலில் வர வேண்டும், பாயிண்ட்டுக்கும் பங்குக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி யோசிக்கிறது. அது யோசித்து முடிக்கும்வரை பழைய இன்ஷூரன்ஸ்தான், என் செலவு அதில் அடங்கிவிடும். அப்பாவின் போட்டோவைக் கழற்றிவிட்டார்கள், வாட்ச்சில் தில்லுமுல்லு பண்ணினதற்கு விசாரணை நடக்கிறது, அது முடியும்வரை விமானம் கிடையாது. வேலை போகாது என்று பெரிய கேப்டன் சொல்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இப்போது ரவுடியை நடத்திக்கொண்டு போவது உன் அப்பாதான். தொப்பை லேசாக இறங்கியிருக்கிறது, சொல்லிவிடாதே, தலைக்கனம் வந்துவிடும்.

எனக்கு என்னவென்றால், இதயத்தின் மேல் அறை தாளம் தப்புகிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் தொடை வழியாக ஒரு குழாயை விட்டுச் சரிசெய்வார்கள். நெஞ்சைப் பிளக்கிற சமாச்சாரம் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீங்கம்மா என்று டாக்டர் சொன்னார். நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். ஓடி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவதற்குப் பதில் நீ அங்கேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

போன மாதம் நீ சொன்னாயே, நீ ஓட்டப் பழகுகிற பயிற்சி விமானம் கீழே இறங்கும்போது இடது காதில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கிறது, அப்பாவிடம் சொல்லாதே, ரூம்மேட் பெயரில் சீட்டு எழுதி மருந்து வாங்கிவிட்டேன் என்று. சாமர்த்தியம் பார்த்தியா என்று சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். உன் காது வலி இப்போது அந்தப் பெண்ணின் சீட்டில் இருக்கிறது, வலி மட்டும் உன்னிடம் இருக்கிறது. உன் அப்பாவின் போட்டோவுக்குக் கீழே என் நாடி ஓடின கதைதான் இதுவும். நாளைக்கே போய்க் காட்டு. ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்று சொன்னால் ஓட்டாதே, பயிற்சியில் பின்தங்கினால் தங்கட்டும். நடுவில் விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பது எப்படி என்று கேட்க உன் அம்மாவைவிட அனுபவசாலி உனக்குக் கிடைக்க மாட்டாள், எத்தனை வேலையை விட்டிருக்கிறேன், எத்தனையை ஆரம்பித்திருக்கிறேன், நாய்கூடக் கணக்கு வைக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் காற்றில் நிற்காதே. காதும் கண்ணும் மனசும் நன்றாக இருந்து நீ நீண்ட நாள் பறக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது. அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது, காது விஷயம் அவருக்குச் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றுவிட்டு வந்தார். உனக்கு ஒண்ணே ஒண்ணு எழுதச் சொன்னார். சீட்டு எழுதுகிறவள் பெயர் கேட்டால், உன் பெயரைச் சொல்லணுமாம்.

இப்படிக்கு,
சொந்தப் பெயரில் சீட்டு வாங்கிய
உன் அம்மா