மகள் என்று எழுதிய படிவம்

சித்தப்பா,

இன்று காலையிலிருந்து எங்கள் வீடு முழுக்க உங்கள் சப்பாத்துப் பொலிஷ் மணம். ஜேர்மனியிலிருந்து, உங்கள் இராணுவ முகாமிலிருந்து பெட்டி வந்திருக்கிறது. அப்பா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு வெட்டித் திறந்தார். பொலிஷ் டப்பாவின் மூடி கழன்று, உங்கள் வெள்ளைத் துவாய் இரண்டும் கறுத்துப் போயிருந்தன.

"ஒரு மூடியை ஒழுங்காப் பூட்டத் தெரியாது. உவனிட்ட துவக்கை நம்பிக் குடுத்திருக்கிறாங்கள்" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் போய் இரண்டு மாதத்தில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் படிவம் இருந்தது. பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் உங்கள் கோணல் எழுத்தில் என் பெயர். அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய வட்டம்.

போன யூலையில் நீங்கள் லீவில் வந்தபோது அதை நிரப்பினீர்கள். லண்டன் பார்க்கிங் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், அம்மா சுட்ட தோசையில் ஆறாவதைச் சாப்பிட்டபடி. நாங்கள் எல்லோரும் ஜேர்மனியில் இருந்த காலத்தில், அங்கே இனி ஒரு நாளும் இருக்க ஏலாது என்று சொல்லி அமெரிக்காவுக்குப் போனவர் நீங்கள். அங்கே ஆமியில் சேர்ந்தீர்கள். அவர்கள் உங்களைத் தூக்கித் திரும்ப ஜேர்மனிக்கே அனுப்பினார்கள். அந்தக் கதையை நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அப்பா முதல் முறை கேட்பதுபோல் சிரிப்பார்.

அன்று நீங்கள் கொண்டு வந்தது வேறு கதை. ஆமி உங்களுக்குத் தரும் படிப்புச் செலவை இந்த வருடத்திலிருந்து மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றிக் கொடுக்கலாம். அதற்கு இன்னும் நான்கு வருடம் ஆமியில் இருப்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

"உனக்குத்தான் மனுசியும் இல்லை, பிள்ளையும் இல்லையே" என்றார் அப்பா.

"ஏன், இவள் ஆர்?" என்று என்னைக் காட்டினீர்கள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஓம், அது சரிதான்" என்றார்.

அப்படித்தான் உறவு என்ற இடத்தில் மகள் என்று போட்டீர்கள். தாயின் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டீர்கள். அம்மா எட்டிப் பார்த்து எழுத்துகளைச் சரிபார்த்தார். அந்த மேசையில் இருந்த நான்கு பேரில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. அண்ணனுடைய பிள்ளை தன் பிள்ளை இல்லாமல் வேறு யாருடைய பிள்ளை?

நான் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படிக்க விருப்பமோ என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியும், பதினொரு வயதில் இங்கே வந்து வகுப்பில் முதல் முறை எழுந்து வாசித்தபோது என் ஆங்கிலம் ஜேர்மன்போல் வந்தது. முழு வகுப்பும் சிரித்தது. அன்றோடு வாயை மூடினேன். பதினாறில் பள்ளிக்கூடம் போனது காணும் என்று சொல்லிவிட்டு, அப்டன் பார்க்கில் ஒரு சீலைக் கடையின் பின்னறையில் சீலை மடிக்கப் போனேன். கடையில் தொலைபேசி அடித்தால் நான் சீலைக் கட்டுக்குப் பின்னால் போய்விடுவேன். "வாயை வீட்டில கழட்டி வைச்சிட்டு வாறனியோ?" என்பார் கடைக்கார அன்ரி.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும், சித்தப்பா. அந்தப் படிவம் திரும்பி வரவேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன். திரும்ப ஒரு வகுப்பில் எழுந்து நிற்கப் பயம். அதைவிடப் பெரிய பயம் அந்த நான்கு வருடம். ஈராக்கில் நீங்கள் இருந்த வருடம் முழுக்க அப்பா செய்தி தொடங்கும்போது தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் பார்ப்பார், இருக்க மாட்டார். எனக்காக இன்னும் நான்கு வருடம் அவர் அப்படி நிற்கவேண்டுமா?

ஓகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான் தனியாக இருந்தேன். அது நின்றது. திரும்ப அடித்தது. மூன்றாம் முறை, உங்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

உங்கள் முகாமின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் சார்ஜன்ட். படிவத்தில் ஒரு சின்னச் சந்தேகம் என்றார். தாய் என்று எழுதியிருப்பவர் உங்களுடைய மனைவியா?

"இல்லை. அவர் என் அப்பாவின் மனைவி" என்றேன்.

"அப்படியானால் உன் அப்பா யார்?"

"அவருடைய அண்ணன்."

மறுபக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பிறகு மிகவும் மெதுவாக, "இது உன் அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஓம், நான் உங்களுடைய மகள்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது பொய்யில்லை. ஆனால் சார்ஜன்டின் அலுவலகத்தில் அது பொய் என்றும், அந்தப் பொய்க்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றும் எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. அம்மாவைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதும் விளங்கியது. அதுதான் என்னைப் பேச வைத்தது. எங்களுக்கு அப்பாவின் தம்பி ‘அங்கிள்’ இல்லை, சின்ன அப்பா என்றேன். அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா. அம்மாவின் அக்கா பெரிய அம்மா. அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் எனக்குச் சகோதரர்கள். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "அப்ப உனக்கு மொத்தம் எத்தனை அப்பா?"

"மூன்று. பெரியவர் கனடாவில், நடுவில் இருப்பவர் பார்க்கிங்கில். சின்னவர் உங்களிடம்."

அவர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தொலைபேசியிலேயே தெரிந்தது.

ரிசீவரை வைத்த பிறகுதான் பயம் வந்தது. படிப்பைக் கெடுத்தேன், உங்களையும் மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். ஆமியில் பொய் எழுதினால் என்ன செய்வார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். அப்பாவிடம் தரச் சொல்லாமல் என்னைத்தான் கேட்டீர்கள்.

"பிள்ளை, படிவம் சரிவரேல்லை."

"என்னாலதான் சித்தப்பா."

"தெரியும். முழு ஒபிசுக்கும் தெரியும். என்னை இப்ப ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. பெரிய அதிகாரி, கேணல்கூட ‘சின்ன அப்பா’ எண்டுதான் கூப்பிடுறார்."

"ஏசினவையோ?"

"ஏசாமல் என்ன. சட்டப்படி ஆர் பிள்ளை, ஆர் பிள்ளையில்லை எண்டு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தவை. அதை விடு. நீ எவ்வளவு நேரம் கதைச்சனி?"

"ஏழு நிமிசம்."

"ஆங்கிலத்திலயோ?"

"ஓம்."

"ஏழு நிமிசம்!" என்று யாருக்கோ அங்கே கத்திச் சொன்னீர்கள். பிறகு என்னிடம்: "அமெரிக்கன் ஆமிக்கே முறை சொல்லிக் குடுத்த பிள்ளைக்கு, ஒரு கொலிஜுக்குப் போய்த் தன்ர பேரைச் சொல்ல ஏலாதோ?"

படிவத்தோடு நான்கு வருடக் கையெழுத்தும் இல்லாமல் போனது. வசந்தத்தில் ஆமியை விட்டு லண்டனுக்கே வாறன், வந்து உன்னைக் கையில் பிடித்துக் கொலிஜ் வாசலில் விடுறன் என்றீர்கள். ஈராக்கிலிருந்து கீறல்கூட இல்லாமல் வந்த மனுசன், ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, மழைக்குள் நெடுஞ்சாலையில் கார் சறுக்கிப் போய்விட்டீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. நீங்களும் அதைக் கேட்க விரும்ப மாட்டீர்கள்.

படிவத்தை அப்பா இன்று இரண்டு முறை வாசித்தார். "மகள் எண்ட இடத்தை இவன் வெட்டவே இல்லையடி" என்று அம்மாவிடம் காட்டினார். சிவப்பு வட்டம் உங்கள் முகாம் அலுவலகத்தினருடையது. வெட்டிவிட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கீழே எழுதியும் இருந்தது. நீங்கள் வெட்டவில்லை.

கடையில் இப்போது தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன். "வாயைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்திட்டாள்" என்கிறார் அன்ரி. போன வாரம் பஸ் எடுத்துத் தனியாகக் கொலிஜுக்குப் போனேன். தை மாதத்திலிருந்து ஆங்கிலமும் கணக்கும். பிறகு என்ன என்று இன்னும் தெரியாது. பதிவு செய்த பெண் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்ட உன்னைத் திரும்பப் படிக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

"என் சின்ன அப்பா" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அப்படியென்றால்?"

நான் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரிய அப்பாவிலிருந்து தொடங்கினேன். முடித்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், சித்தப்பா.

ஒன்பது நிமிடம்.