படித்துவிட்டுக் கிழிக்கிறேன்

ஜூன் 9, திங்கள்
கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. ஆனாலும் எழுதுகிறேன். இரவுப் பள்ளியில் எழுத்து கற்ற பிறகு, எழுதாமல் படுத்தால் சாப்பிடாமல் படுத்த மாதிரி இருக்கிறது.

என் மனைவி தையலம்மாள் தினமும் மதியம் பஸ் ஏறிக் கிருமாம்பாக்கம் சமுதாயக் கூடத்துக்குப் போகிறாள். அங்கே காகிதக் கூழில் தலையாட்டி பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். இன்று நானும் போனேன். ஆம்பளையும் வரலாம் பெரியப்பா என்றது மகாலட்சுமி டீச்சர். தையலம்மாள் தன் பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்
பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போடுவது என் வேலை. எப்படிக் கிழிப்பது? ஒவ்வொன்றிலும் எழுத்து இருக்கிறது! எங்கோ ஒரு ஊரில் மாடு கிணற்றில் விழுந்து ஏறிவிட்டது. வெங்காயம் விலை ஏறிவிட்டது. படித்து முடித்துத்தான் கிழித்தேன். மற்றவர்களுக்கு அச்சில் ஒட்டப் பேப்பர் பத்தவில்லை. எங்கள் தெரு ஜெயமணியும் அங்கே கற்கிறாள். "மாமா, வெங்காயம் எப்ப இறங்கும்னு படிச்சி சொல்லு, அதுவரைக்கும் நாங்க தூங்குறோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தையலம்மாள் சிரிக்கவில்லை.

ஜூன் 12
பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 16
கூடத்தில் அவள் வேறு ஆள். எல்லாரிடமும் பேசுகிறாள். இன்று நான் டீ குடித்துவிட்டு உள்ளே நுழைந்தபோது பாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

அவள் செய்வது ஒரு கிழவி பொம்மை. வெற்றிலை அதக்கின மாதிரி ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கும். அச்சில் இல்லாத கன்னம், அவளே கூழ் வைத்துத் தட்டியது. தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

முழங்கால் வலி. விளக்கை அணைக்கிறேன்.

ஜூன் 18
தப்பு செய்துவிட்டேன்.

எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பொம்மைத் தலைகள் உள்ளே நிழலில் கிடந்தன. எத்தனை நாள்தான் ஈரமாகவே கிடக்கும்? வெளியே நல்ல வெயில், தார் ரோடு. நெல்லை எங்கே காயவைக்கிறோம்? எல்லாத் தலையையும் கூடையில் அள்ளிப்போய் ரோட்டோரம் பரப்பினேன். நெல்லைப் போலக் காலால் புரட்டியும் விட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் வந்து பார்த்தபோது எல்லாம் கோணிக்கொண்டு கிடந்தன. மேலே காய்ந்து உள்ளே ஈரம். இது நிழலில்தான் காயணும் பெரியப்பா என்றது டீச்சர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிழவியின் கன்னம் வெடித்து வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. தையலம்மாள் அதைக் கையில் எடுத்தாள்.

"வூட்ல உன் மூஞ்சி. கழனில உன் மூஞ்சி. எனக்குன்னு ஒரு எடம் இருந்துச்சிய்யா."

அவ்வளவுதான் பேசினாள்.

ஜூன் 19
அவள் போகவில்லை.

ஜூன் 20
இன்றும் போகவில்லை. டீச்சர் போன் பண்ணியது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் இன்னா செஞ்சேன்? கூடப் போகத்தானே ஆசைப்பட்டேன் — எழுத்து வந்ததும் எல்லா எடத்துக்கும் போலாம்னு ஆயிடுச்சி எனக்கு. அவளுக்கு வேணுமான்னு கேட்டனா? கேக்கல. அசதியா இருக்கு.

ஜூன் 23
காலையில் நானே சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. இனிமேல் நான் வரமாட்டேன், நீ போ என்றேன். அவள் நம்பவில்லை. பஸ் வரும் நேரத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அவள் செருப்பு இல்லை.

ஜூன் 30
மதியத்தில் வீடு பெரிசாக இருக்கிறது. உப்பு பாக்கெட், தீப்பெட்டி, காலண்டரின் பின்பக்கம் எல்லாம் படித்தாகிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி
சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவள் தலையில் ஒரு கட்டு. பழைய பேப்பர். என் முன்னால் தொப்பென்று போட்டாள். அங்கே கிழிக்க ஆள் இல்லையாம்.

"இங்கயே குந்திக் கிழி. படிச்சிட்டே கிழி. நாளைக்கு வேணும்."

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "வெங்காயம் இன்னா ஆச்சின்னு ஜெயமணி கேட்டா."

பாதிக் கட்டு முடிந்தது. கண் எரிகிறது. வெங்காயம் இன்னும் வரவில்லை. அடுப்படியில் அவள் பாட்டு கேட்கிறது. தண்ணீர் தாகம் எடுக்கிறது, பானை அங்கேதான் இருக்கிறது. நான் எழுந்து போகவில்லை.