பனியன் துணியில் தைத்த பார்சல்

பாய்,

இன்று காலை கூரியரில் வந்த பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. புகார் எழுதப் பேனாவை எடுத்தால் முதல் வரியிலேயே வசவு வந்தது. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். அதை வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்கத்தா வியாபாரியின் கடிதம் வந்த நாளை இன்னும் மறக்கவில்லை. நாம் கூட்டாகப் பனியன் கம்பெனி தொடங்கிய புதிது. பூஜைக்கால ஆர்டருக்காக ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய சாம்பிள் பார்சலில் பாதிப் பனியன்களைக் காணோம். அரக்கு முத்திரை உடையவில்லை, நாம்தான் குறைத்து அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். ஆர்டர் கிடக்கட்டும், ஏமாற்றுக்காரர்கள் என்று பேர் பரவினால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

"முத்திரை முழுசா இருக்குதுங்களே, நாங்க என்னங்க பண்றது?" என்றார் நம் ஊர் போஸ்ட்மாஸ்டர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்களோ திரும்பி வந்து, அதேபோல் பனியன் துணியிலேயே இன்னொரு பார்சல் தைத்து, அரக்கு வைத்து, மறுநாள் அவர் மேசையில் வைத்தீர்கள்.

இரண்டு தையலுக்கு நடுவே விரலை விட்டு இழுத்தீர்கள். துணி வாயைத் திறந்தது. உள்ளிருந்து ஒரு பனியனை உருவி எடுத்துவிட்டுக் கையை விட்டதும், துணி பழையபடி சுருங்கிக்கொண்டது. அரக்கில் ஒரு கீறல் இல்லை. ஸ்டாம்பு வாங்க நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். பனியன் துணி இழுத்தால் நீளும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. பார்சல் தைத்தபோது நமக்கு மட்டும் அது தோன்றவில்லை.

"அப்பத் தப்பு உங்க பேர்லதானுங்களே?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஆமாங்க, தெச்சது நானுங்க. மிச்சப் பனியன் துணி கெடக்குதே, பார்சலுக்குன்னு கெட்டியான காடாத்துணி எதுக்கு வாங்கோணும்னு தெச்சுப்போட்டனுங்க. அதையும் எழுதித் தாறனுங்க. ஆனா எடை எங்க குறைஞ்சுதுன்னு கேட்டுச் சொல்லோணுமுங்க" என்றீர்கள்.

தபால் இலாகாவுக்கு நான் எழுதியிருந்த புகாரில் பாதி வசவு. அதையெல்லாம் அடித்தீர்கள். "திட்டுனா மூலையில போட்டுருவாங்க மாப்ளே. அவங்க தேடறதுக்கு வழி சொல்லு." ரசீது எண், இங்கே போட்ட எடை, உள்ளே இருந்த உருப்படிகள், இவைதான் மிஞ்சின. பனியன் துணியில் தைத்தது எங்கள் தவறு என்பதை முதல் வரியாகச் சேர்த்தீர்கள். மேலுறைத் துணியைத் தூக்கியெறியாமல், வந்த பார்சலை அங்குள்ள தபாலாபீசில் எடை போட்டு எழுதி வாங்கும்படி கல்கத்தாவுக்கும் தந்தி அடித்தீர்கள்.

இலாகாவிடமிருந்து பதில் வந்தது. கட்டு சரியில்லை, நஷ்டஈடு கிடையாது. ஆனால் பார்சல் வழியில் எடை குறைந்தது உண்மை. நீங்கள் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, அந்தக் கடைசி வரியை எல்லோருக்கும் உரக்கப் படித்தீர்கள். நஷ்டஈடு போன வருத்தம் ஒருவர் முகத்திலும் இல்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

நீங்கள் அனுப்பிவைத்த புகாரின் நகலைப் பார்த்த கல்கத்தாக்காரர் ஆர்டரோடு எழுதினார்: "உங்கள் தவறை நீங்களே எழுதியிருந்தீர்கள். மீதியை நம்ப எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை."

இன்றும் எந்தப் புகாரிலும் என் பக்கத்துத் தவறைத்தான் முதலில் எழுதுகிறேன், பாய். கோபம் மட்டும் குறையவில்லை. எழுதி முடித்ததும், அடிக்க வேண்டியதை அடித்துத் தர நீங்கள் இல்லையே என்றிருக்கிறது.