முற்றத்து முள்முருக்கு

பவ வருடம், ஐப்பசி 18

முற்றத்தில் வெயில் விழும் இடத்துக்கு ஒரு பூமரம் வேண்டும் என்று ஆசைப்பட்டதைத் தவிர நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. கொன்றை சித்திரையில்தான் பூக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. முள்முருக்கு மாசியிலேயே இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாய்ப் பூக்கும். மழை தொடங்கியதும் வேலியிலிருந்து நல்ல கம்பொன்றை வெட்டி வடகிழக்கு மூலையில் நட்டேன். எறும்பு ஏறாமல் இருக்க மஞ்சள் தண்ணீரும் ஊற்றினேன்.

கலியாண வீட்டில் கன்னிக்கால் என்று நடுவதும் அதே கம்பைத்தான், அதே மூலையில்தான், அதே மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான். இது என் மண்டையில் ஏறவில்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிக்கு உடனே ஏறிவிட்டது.

இன்று பின்னேரம் நெல்லியடியிலிருந்து அக்கா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். கையில் பணியாரப் பெட்டி, கண்ணில் தண்ணீர். நேரே போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பொம்பிளை ஆரடா? கூடப்பிறந்தவளுக்குச் சொல்லாமல் கன்னிக்கால் நட்டுப்போட்டியே!”

“கலியாணம் ஒண்டும் இல்லை அக்கா. உது பூமரம்.”

அப்போதுதான் அவருக்கு உண்மையான கோபம் வந்தது.

“நாற்பத்தொரு வயசிலை உனக்குப் பூமரமோ?”

நான் கம்பைப் பிடுங்கப் போனேன்.

“தொடாதை! நட்ட கால் நட்டதுதான். இது பூக்கிறதுக்கு முன்னம் உனக்கு ஒருத்தியைப் பார்க்கிறன்.”

பணியாரப் பெட்டியையும் திரும்பக் கொண்டுபோய்விட்டார். பெண் கேட்கப் போகும்போது தேவைப்படுமாம்.

பொழுதுபடமுன் கம்பைப் போய்ப் பார்த்தேன். துளிர் விட்டிருக்கிறது.

கொன்றையையே நட்டிருக்கலாம். சித்திரை வரைக்குமாவது தவணை கிடைத்திருக்கும்.