ஐம்பத்தெட்டு விநாடி வாத்து

மார்ச் 4, செவ்வாய்

மன்னித்துக்கொள், நோட்டே. இந்த நேரத்தில் உன்னைத் திறப்பது அநியாயம்தான். என் மகள் தோவ்தோவ் இப்போதுதான் கண் அயர்ந்தாள். ஏழு மாதக் குழந்தைக்குப் பதினொன்றரை மணிவரை அப்படி என்ன விவாதமோ!

இன்று இயக்குநர் பெய் அக்கா கூப்பிட்டார். 'மேகமடத்து வாத்து' கார்ட்டூன் தொடரின் இரண்டாவது சீசன் வருகிறதாம்! மந்திரம் கற்கப் போய் மடத்தையே இரண்டு முறை கொளுத்திய அந்த வாத்துக்கு முதல் சீசனில் குரல் கொடுத்தவள் நான். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு என் குரல் தடித்துவிட்டது என்று ஒலிக்கூடத்தில் பேச்சு.

"வெள்ளிக்குள்ள புதுசா ஒரு பதிவு அனுப்பு யின்சி. தாங் நிங்கும் அனுப்புறா. ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

தாங் நிங்குக்கு இருபத்திரண்டு வயது. தினம் எட்டு மணி நேரம் தூங்குகிறவள்.

என் வாத்தை இன்னொருத்தி பேசுவதா?

மார்ச் 5

வெளிச்சத்தம் விழாத துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதினேழு முறை பதிவு. ஒன்றுகூடப் பழைய வாத்து இல்லை. என் கணவன் லெய் கதவைத் திறந்து, "வாத்தம்மா, சோறு ஆறுது" என்றான். அழுதேன். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

செத்தேன்.

பதினெட்டாவது பதிவு அருமையாக வந்தது. பெய் அக்காவுக்கு அனுப்பினேன். அத்தோடு கைபேசியைக் கீழே வைத்திருக்கலாம் அல்லவா? கையில் வைத்துக்கொண்டே தோவ்தோவைத் தோளில் போட்டுத் தட்டினேன். திரையில் எங்கள் வேலைக்குழுவின் அரட்டை திறந்திருந்தது — நாற்பத்து மூன்று பேர்! அழுத்திப் பிடித்துப் பேசும் பொத்தான்மேல் என் கட்டைவிரல், அதன்மேல் இவள் தொடை. நானோ வாத்துக் குரலில்:

"ஒரே ஒரு ஏப்பம் விடுடி என் ராஜாத்தி. பெய் அக்கா மாதிரி பாறாங்கல்லே ஏப்பம் விடுது, உனக்கு வராதா? பயப்படாதடி, அம்மா இருக்கேன்ல. அம்மாவும் பயப்படல. கொஞ்சமாத்தான் பயப்படுறேன்…"

அப்போது வந்தது ஏப்பம். லாரி ஹாரன் தோற்றது. விரல் நழுவியது. ஐம்பத்தெட்டு விநாடிக் குரல்செய்தி குழுவில் போய் விழுந்தது.

திரும்பப் பெற இரண்டு நிமிடம் இருந்தது. 'திரும்பப் பெறு' என்பதை அழுத்த வேண்டியவள் பதற்றத்தில் 'நீக்கு' என்பதை அழுத்தினேன்.

லெய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி, அது உன் போன்ல இருந்து மட்டும்தான் போச்சு. இனிமே உன்னால அதைத் திரும்பப் பெறவும் முடியாது. அதைக் கேக்க முடியாதவ அந்தக் குழுவுலயே நீ ஒருத்திதான்!"

மார்ச் 8

குழுவில் படத்தொகுப்பாளர் மல்லாந்து கிடக்கும் வாத்தின் படம் ஒன்றைப் போட்டார். தாங் நிங் தனியாகக் கேட்டாள்: "அக்கா, அந்த ஏப்பம் நிஜமா?"

மார்ச் 10, திங்கள்

"பாறாங்கல் பேசுறேன்" என்றது போன்.

பெய் அக்கா! கேட்டுவிட்டார்.

"நீ எனக்கு அனுப்பின பதிவு கச்சிதம். ஆனா பழைய வாத்தை நகல் எடுத்திருக்க, உயிரில்ல. இந்த சீசன்ல வாத்து என்ன பண்ணுது தெரியுமா? ஒரு நாகத்தோட முட்டையை அடைகாக்குது. உள்ளுக்குள்ள நடுங்கணும், வெளியில கோமாளித்தனம் பண்ணணும். குழுவுல விழுந்ததே, அதுல இருக்கு அந்த வாத்து."

"அப்ப தாங் நிங்?"

"அதைக் கேட்டதும் அவதான் முதல்ல என்னைக் கூப்பிட்டா. 'இது யின்சி அக்காவோட வாத்து, நான் வரல'ன்னுட்டா. சரி, இனிமேலாவது போனைக் கீழ வச்சுட்டுக் குழந்தையைத் தட்டு."

நானும் லெய்யும் சமையலறையில் ஆடினோம். வினிகர் புட்டி உடைந்தது. வீடே புளிக்கிறது. துடைக்க மனமில்லை!

மார்ச் 12, புதன்

ஒப்பந்தம் வந்தது. ஒன்றில்லை, இரண்டு. ஒன்று எனக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டேன், மூன்று விநாடிகூட ஆகவில்லை. இன்னொன்றில் 'நாகக் குட்டி' என்ற பாத்திரத்துக்கு எதிரே உன் பெயர், தோவ்தோவ். முட்டையிலிருந்து வரும் அந்தக் குட்டிக்கு உன் ஏப்பம்தான் குரலாம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டுமாம். அப்பா போட்டுவிட்டார். என் பேனா மட்டும் நிற்கிறது. நாடே கேட்கப்போகும் ஏப்பம் — நாளைக்குப் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்களோ? இல்லை, நீதான் ராணியாகத் திரிவாயோ? உன்னுடையதை உன்னிடம் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. பேச்சு வந்த பிறகு சொல் என்று விடவும் முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

சீக்கிரம் பதில் சொல்லுடி.