தட்டை நீட்ட ஓர் ஆள்

1926 மார்ச் 3, ரங்கூன்

லண்டனிலிருந்து துரை கடிதம். எனக்குப் புரியட்டும் என்று பெரிய பெரிய ஆங்கில எழுத்தில். துரை என்று எழுதக் கூடாது. இப்போது அவர் துறவிப் பெயர் ஊ சீலவண்ணா. பதினோரு வருஷம் என் சமையலைச் சாப்பிட்ட ஹார்வுட் துரை, மரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, மொட்டையடித்து பௌத்தத் துறவியானார். போன வருஷம் தர்மம் சொல்லச் சொந்த ஊருக்குக் கப்பலேறினார்.

அங்கே சங்கடம். துறவி தானாக எடுத்துச் சாப்பிடக் கூடாது. யாராவது கையில் கொடுக்க வேண்டும், அதுவும் உச்சிக்கு முன். காசையும் தொடக் கூடாது. அங்குள்ள பௌத்த சபைக்காரர்கள் ஓர் அறை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். சோறு? "நல்லையா, நீ வந்தால் காவியைக் கழற்றாமல் இருப்பேன்" என்கிறார்.

மார்ச் 4

என் வீட்டுக்காரி தைலம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அவரு எல்லாத்தையும் விட்டாரு, சரி. நீங்க எதுக்கு என்னை விடணும்?" என்றாள்.

மார்ச் 9

வர இயலாது என்று எழுதிப் போட்டேன்.

மே 17

பழைய நினைவு. அவர் துறவியான முதல் வாரம். ரங்கூன் அலோன் பேட்டையில் அவர் இருந்த அதே பங்களா, நான் புது துரையின் சமையல்காரன். பிட்சைப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார். வெறுங்காலில் கொப்புளம். மேஜையில் மணியடித்துக் கூப்பிட்டவர், வாய் திறக்காமல் கண்ணைத் தாழ்த்தி நிற்கிறார். நான் பழக்கதோஷத்தில் சலாம் வைத்து, "இன்னைக்கு என்ன சமைக்கட்டும் துரை?" என்று கேட்டுத் தொலைத்தேன்! சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. அந்தக் காலை இனி எங்கே வரப்போகிறது?

சிவனே, அங்கே பட்டினி கிடக்கிறாரோ? நான் போயிருக்க வேண்டுமோ?

ஜூலை 2

கடிதம் இல்லை.

செப்டம்பர் 21

கப்பலில் சமைக்கும் தஸ்தகீர் பாய் திரும்பிவிட்டார். லண்டனில் சீலவண்ணாவைத் தேடிப் போய்ப் பார்த்தாராம். கேட்கவே பயமாக இருந்தது.

"காவி இருக்கா பாய்?"

"இருக்கு. மேலே கம்பளிக் கோட்டு. வீட்டுக்காரக் கிழவி ஒண்ணு, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறது. பதினொண்ணரை மணிக்கு அதுதான் தட்டைக் கையில குடுக்குது. 'என் வீட்டுல ஒருத்தன் பட்டினியா கிடக்கிறது?'ன்னு முணுமுணுத்துக்கிட்டே."

அப்பாடா. கூடவே வயிற்றெரிச்சல். அது என் வேலையல்லவா?

"என்ன குடுக்குது?"

"அவிச்ச உருளைக்கிழங்கு."

"என்னைப் பத்தி ஏதாவது..."

பாய் சிரித்தார். "'எல்லா ஆசையும் போயிட்டுது. நல்லையா வைக்கிற மிளகுத்தண்ணி ஒண்ணுதான் போகமாட்டேங்குது, கண்ணை மூடி உட்கார்ந்தா அதுதான் வருது'ன்னாரு."

பாவம், அவர் தியானத்துக்கு நான் இடைஞ்சல். வருத்தப்பட வேண்டும். ஆனால் தைலம்மாளிடம் மிளகுத்தண்ணிச் சங்கதியை இதுவரை மூன்று தரம் சொல்லிவிட்டேன்.