ஜெனரேட்டர் ஏறாத மேடு

1986 மே 11, ஞாயிறு

பழைய டீசல் பிக்கப்பை விற்றுவிட்டு மைலேஜ் தரும் புதியதை வாங்கலாம் என்று முடிவெடுத்தவள் நான்தான். பழையது டீசலைக் குடித்துத் தீர்த்தது. "குடிச்சாலும் இழுக்கும்லா லாத்தா" என்றான் வண்டி ஓட்டும் என் தம்பி யூசுப். நான் கேட்கவில்லை.

இன்று செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் வாடகை ஜெனரேட்டர்களில் பெரியதை டிராலியோடு பின்னால் கட்டி, தாராவியிலிருந்து இழுத்துப் போனோம். சமதரையில் ஒரு குறையும் இல்லை. மண்டபத்துக்கு ஏறும் மேட்டில், பாதியில் புது வண்டி திணறி நின்றது. பிறகு பின்னால் உருளத் தொடங்கியது.

"லாத்தா, எறங்கிக் கல்லப் போடுங்க!" என்று கத்தினான் யூசுப். குதித்தேன். ஓரத்தில் கிடந்த கல்லை டிராலிச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். நின்றது. அதற்கு நேர் பின்னால் பூக்காரி ஒருத்தி கூடையோடு நின்றிருந்தாள். பயத்தில் அவளுக்கு விலகக்கூடத் தோன்றவில்லை.

கல்யாண வீட்டு ஆண்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார்கள். விளக்குகள் நேரத்துக்கு எரிந்தன. யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை.

திரும்பும்போது யூசுப் டீசல் முள்ளைக் காட்டினான். "பாத்தியளா, நவுரவே இல்ல."

தேற்றினானா, குத்திக் காட்டினானா தெரியவில்லை. சவூதியில் இருக்கும் என் கணவருக்கு இதை எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

பழைய வண்டியை வாங்கிய மாஹிம்காரரிடம், மேட்டு வேலைக்கு மட்டும் அதை வாடகைக்குத் தருவாரா என்று கேட்க வேண்டும். யூசுப்பை அனுப்ப மாட்டேன். நானே போய்க் கேட்கிறேன்.